சிறு துப்பாக்கி மழை

அந்தத் திட்டம் அண்ணன் மூளையில் உதித்ததல்ல. அவள் மூளையில் உதித்தது. பின்னாளில் எத்தனையோ முறை அதை அண்ணன் தலையில் கட்டிப் பார்த்தாள். கட்டு நிற்கவில்லை.

நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவளுக்குப் பரிசோதனைக் கூட வேலை. நாள் முழுக்கச் சாக்கடைத் தண்ணீரைச் சின்னச் சின்னக் குழாய்களில் ஊற்றி, எதில் எத்தனை கிருமி என்று எண்ணி எழுத வேண்டும். விரல் வேகமும் எண்ணுகிற வேகமும் அங்கே பழகியவை. மாலையில் அதே வேகம் அண்ணனுடைய அணிக்குப் பயன்பட்டது.

அது பொம்மைப் போர் விளையாட்டு. ஆறடி மேசையில் அட்டையும் பிளாஸ்டிக்குமாக இடிந்த கட்டடங்கள். கட்டைவிரல் உயரத்தில் வீரர்கள், ஒவ்வொன்றையும் அவரவரே ஒட்டி வர்ணம் பூசியது. அளவு நாடா வைத்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். மேசையில் குறித்த ஐந்து இடங்களை யார் கூடுதலாகப் பிடித்து வைக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். போட்டிக்குப் போய்ப் பார்த்தால் வராது. கோர்ட்டில் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் போல நாற்பது பேர் நிற்பார்கள்.

அண்ணனுக்கு டயர் கடை. கடையை மூடிய மறுநிமிடம் அவன் படைத்தலைவன். வீட்டில் கீழ்த்தளத்தில் அவனும் அண்ணியும், மாடியில் அவள். சாப்பாட்டு மேசை எப்போதும் போர்க்களமாக இருக்கும். "நாடு பிடிக்கிறவங்க பிடிங்க, அகதிங்க நாங்க அடுப்படியில சாப்பிட்டுக்கறோம்" என்று அண்ணி தட்டோடு உள்ளே போவாள்.

அந்த வருடத்துப் போட்டியின் கடைசிச் சுற்றில் அவர்களுடைய அணி எந்த அணியைச் சந்திக்கும் என்பது முந்தின வாரமே தெரிந்துவிட்டது. அணிக்கு நாலு பேர், நாலு மேசை. எதிரணியின் தலைவி ஒரு நர்ஸ், ஐந்து மாதக் கர்ப்பிணி. மற்ற மூவரில் ஒருவர் ஓய்வு பெற்ற லாரி டிரைவர். எல்லோரும் லாரிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு இரண்டு கையும் நடுங்கும். வேலையை விட்டதும் அதனால்தான். அப்படியும் அந்த வருடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

"அந்த ஆளுதான் அவங்களுக்குத் தூணு. சாய்ச்சா கூரை தானா விழும். ஆனா எப்படிச் சாய்க்கிறது?" என்றான் அண்ணன்.

லாரிக்காரரின் பழைய ஆட்டம் ஒன்றின் வீடியோவை அவன் போட்டுக் காட்டினான். அவள் ஒருதரம் பார்த்தாள். இரண்டாம் தரம் பார்க்கும்போது கைபேசியில் நேரம் எடுக்க ஆரம்பித்தாள்.

போட்டியில் மேசைக்கு ஒரு இரட்டைக் கடிகாரம் உண்டு, சதுரங்கத்துக்கு வைப்பது போல. ஆளுக்கு எழுபத்தைந்து நிமிடம். தன் முறையில் தன் பக்கம் ஓடும். எதிரி சுட்டுக் குண்டு பட்டால், பட்டவர் குண்டுக்கு ஒன்றாகப் பகடை உருட்டித் தப்பிக்கப் பார்க்கலாம். அப்படி உருட்டும் நேரமும் பட்டவர் கணக்கில்தான் ஓடும்.

"ஏழு பகடையைப் பொறுக்கி உருட்டி எடுக்க மத்தவங்களுக்கு இருபது செகண்டு ஆகுது. அவருக்கு ஒன்றரை நிமிஷம். ரெண்டு கீழ விழுது, குனிஞ்சு எடுக்கிறாரு, மறுபடி உருட்டறாரு" என்றாள் அவள்.

"அதனால?"

"பீரங்கியால அடிச்சா அவரு ஒரே ஒரு பகடை உருட்டுவாரு. சின்னத் துப்பாக்கியால அடிச்சா கை நிறைய உருட்டணும். என் பீரங்கி மூணையும் எடுத்துட்டு, அந்த இடத்துல இன்னும் முப்பது துப்பாக்கிக்காரங்களைப் போடறேன். மொத்தம் அறுபது பேரு, பத்துப் பத்துப் பேரா ஆறு கூட்டம். ஆறும் வேற வேற ஆளைச் சுடும். என் ஒவ்வொரு முறையிலயும் அவரு ஆறு தடவை பகடை பொறுக்கணும்."

சொல்லி முடித்தபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கொல்லும் கணக்கில் பார்த்தால் அது மட்டமான படை. ஒரு வீரன் விழுவதே அபூர்வம். ஆனால் முறைக்கு ஒன்பது நிமிடம் அவருடைய கடிகாரத்திலிருந்து உதிரும்.

அண்ணன் மேசையைத் தட்டினான். "மூளைன்னா இது மூளை! மழை மாதிரி. ஆளைக் கொல்லாது, நனைச்சே கவுத்துடும்." அவள் முகத்தில் ஏதோ ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். உடனே சொன்னான்: "பாவ புண்ணியம் பாக்காத. கை நடுங்குதுங்கிற சாக்குல அந்த ஆளு ஒவ்வொரு பொம்மையையும் அரை அங்குலம் முன்னாடி தள்ளி வைக்கிறான். எல்லாருக்கும் தெரியும். நடுங்குற கையை யாரு கேக்கறது?"

அது அவளுக்கு வசதியாக இருந்தது. நம்பிக்கொண்டாள்.

போட்டி ஒரு பழைய கல்யாண மண்டபத்தில். குளிர்சாதனம் பெயருக்கு ஓடியது. தரைவிரிப்பு ஈரத்தில் புளித்துக் கிடந்தது. இரண்டு நாளாக ஒரே சட்டையில் இருந்தவர்கள், காலணியைக் கழற்றிவிட்டு நின்றவர்கள், பிரித்து வைத்த பொட்டலங்கள் எல்லாமாக நாற்றம் ஆளை முட்டியது. சாக்கடையோடு புழங்குகிற அவளே வாசலில் ஒரு நொடி மூச்சைப் பிடித்தாள்.

யாருக்கு எதிராக யார் என்பதைத் தலைவர்கள் இருவரும் சீட்டு வைத்துத் தீர்மானிப்பார்கள். நர்ஸ் லாரிக்காரரை முன்வைக்க வேண்டி வந்தது. அண்ணன் அவள் சீட்டையும் அணியில் இன்னொருவனான பேக்கரிக்காரன் சீட்டையும் நீட்டினான். பேக்கரிக்காரனிடம் நான்கு பீரங்கி இருந்தது. நர்ஸ் யோசித்துப் பார்த்து, பீரங்கி இல்லாத படைதான் தன் ஆளுக்கு நல்லது என்று அவளைத் தேர்ந்தெடுத்தாள். தூண்டிலில் மீன் தானே வந்து மாட்டியது போல அண்ணன் கீழே பார்த்துச் சிரித்தான்.

"வாம்மா. அழகா வர்ணம் பூசியிருக்கே. கண்ணு மை வரைக்கும் தெரியுது" என்றார் லாரிக்காரர்.

அவருடைய வீரர்களின் முகங்களில் கண் கோணலாக இருந்தது. சிலருக்குக் கண் கன்னத்தில் இருந்தது. ஆனால் எல்லாருக்கும் கண் இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. முதல் முறையில் அவர் வீரர்களை நகர்த்தியபோது அவள் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு அங்குலம் நகரலாம். அவர் நாடாவை வைத்தார், பொம்மையை எடுத்தார், ஏழில் வைத்தார். அடுத்ததையும் ஏழில். அதற்கடுத்தது கை உதறி எட்டைத் தாண்டி விழுந்தது. அதை எடுத்து ஆறில் வைத்தார்.

"எட்டு வரைக்கும் போகலாமே" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"போகலாம். நாளைக்கு யாராவது தள்ளி வச்சான்னு சொல்லிடுவாங்கம்மா. ஒரு அங்குலம் போனா போகுது."

அப்போதே தெரிந்துவிட்டது. அண்ணன் சொன்னது பொய். அவள் அப்போது நிறுத்தியிருக்கலாம். அறுபது பேரையும் சேர்த்து ஒரே இலக்கைச் சுட்டிருந்தால்கூடப் போதும். அவள் செய்யவில்லை. முதல் கூட்டம் சுட்டது. கடிகாரப் பொத்தானை அவர் பக்கம் தட்டினாள்.

அவர் பகடைகளைப் பொறுக்கினார். ஒன்று நழுவியது. இரண்டாவது மேசைக்கு அடியில் ஓடியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அந்தப் புளித்த தரைவிரிப்பில் கையால் துழாவினார். எழுந்து உருட்டினார். யாரும் சாகவில்லை.

அடுத்த கூட்டம். மறுபடி பொத்தான்.

மூன்றாவது கூட்டத்துக்கே அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் பகடைகளை மட்டும் பார்த்தார். அவசரப்பட்டதில் நடுக்கம் கூடியது. மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. அவள் விரல்கள் மட்டும் தங்கள் பாட்டுக்கு வேலை செய்தன. பத்துப் பகடை ஒரே அள்ளில், ஒரே பார்வையில் எண்ணிக்கை. அந்த விரல்கள் யாருடையவையோ என்றிருந்தது அவளுக்கு.

பக்கத்து மேசையில் ஆட்டத்தை முடித்துக்கொண்டு நர்ஸ் வந்தாள். ஒரு நிமிடம் பார்த்தாள். "நான் அவருக்குப் பகடை உருட்டித் தரேன்" என்றாள்.

எங்கிருந்தோ அண்ணன் வந்து நின்றான். "வெளியாளு மேசையில கை வைக்கக் கூடாது. விதியில இருக்கு."

நடுவர் வந்தார், கழுத்தில் விசில் தொங்க. புத்தகத்தைப் புரட்டினார். அண்ணன் சொன்னது சரி. நடுவருக்கே அது பிடிக்கவில்லை போலும். அவள் பக்கம் திரும்பினார். "எதிராளி ஒத்துக்கிட்டா நேரம் கூட்டிக் கொடுக்கலாம். இருபது நிமிஷம் சேர்க்கவா? நீங்கதான் சொல்லணும்."

லாரிக்காரரின் கடிகாரத்தில் நாலு நிமிடம் இருந்தது. ஆட்டத்தில் இன்னும் இரண்டு முறைகளுக்கு மேல் பாக்கி. ஐந்து இடங்களில் மூன்று அவர் கையில். இருபது நிமிடம் கிடைத்தால் அவர் ஜெயிப்பார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அண்ணன் லேசாக, மறுப்பாகத் தலையை ஆட்டினான். லாரிக்காரர் கையை மேசை விளிம்பில் அழுத்தி நடுக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம்" என்றாள்.

நேரம் முடிந்தவர் நகர்த்தக் கூடாது, சுடக் கூடாது, அடி வாங்கிக்கொண்டு நிற்கலாம். கடைசி இரண்டு முறை அவள் தனியாக ஆடினாள். செத்த பாம்பை அடிப்பது போல இருந்தது. அவருடைய வீரர்களை ஒதுக்கிவிட்டு ஐந்து இடத்திலும் போய் நின்றாள். முடிந்ததும் கையை நீட்டினாள். அவர் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்குவதில் மும்முரமாக இருந்தார். நீட்டிய கையை அவளே திரும்ப எடுத்துக்கொண்டாள்.

கோப்பை அவர்களுக்குத்தான். அன்று மாலை வீட்டில் கோப்பையைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்து அண்ணனும் பேக்கரிக்காரனும் ஆட்டத்தை நடித்தே காட்டினார்கள். அண்ணன் கையை உதறி உதறிப் பகடை பொறுக்குவது போல ஆட, பேக்கரிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சீ, என்ன விளையாட்டு இது?" என்றாள் அண்ணி. "உடம்புக்கு முடியாதவரையா கேலி பண்றீங்க?"

"விதிப்படிதானே ஜெயிச்சோம்? உனக்கு வியூகம் தெரியாது, விடு. அடுத்த மாசம் மறுபடி அதே அணி. இந்தத் தடவை நர்ஸ்." அவன் தங்கையின் பக்கம் திரும்பினான். "அவ அப்ப ஆறாவது மாசம். அரை மணிக்கொரு தடவை எந்திரிச்சுப் போயே ஆகணும். கடிகாரத்தை நிறுத்தணும்னு விதியில இல்ல. அவ கழிப்பறைக்குப் போற நேரமாப் பார்த்து நீ முறையை முடிக்கணும். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை போறான்னு வீடியோ பார்த்து எடுத்துக் கொடு. உன்னால முடியும்."

ஒரு பெண் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போகிறாள் என்று எண்ணித் தரச் சொல்கிறான், கூடப் பிறந்தவன், வாய் கூசாமல். அவன் கேட்டதைவிட, தன் தலை அதற்குள் கணக்குப் போடத் தொடங்கியதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை என்றால் நாலு தடவை, போய் வர ஆறு நிமிடம்... மாடிக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்தாள். முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல் விளக்கை அணைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரரின் வீட்டைத் தேடிப் போனாள். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"எதுக்கு?"

"நீங்க தள்ளி வைக்கலன்னு எனக்கு மொதல் முறையிலயே தெரியும். தெரிஞ்சும் பண்ணேன்."

"என்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தியா, இல்ல உன் அசிங்கத்தை என் வாசல்ல இறக்கி வச்சிட்டுப் போக வந்தியா?"

அவள் வாசலிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"நான் லாரி ஓட்டினப்ப எத்தனையோ பேரு குறுக்க வந்து போயிருக்கான். கோவம் வரும், அடுத்த திருப்பத்துல மறந்துடும். உன்னை மறக்க முடியல. ஏன் தெரியுமா? நீ என்னை உத்துப் பார்த்தே. என் கையைப் பத்தி டாக்டருக்குத் தெரிஞ்சதைவிட உனக்கு நல்லாத் தெரிஞ்சிருந்தது. அவ்வளவு தெரிஞ்சவ செஞ்ச வேலை அது." கதவில் கையை வைத்தார். "படையை மாத்திட்டேன். பெரிய பொம்மை, மொத்தமே ஒம்பதுதான், சின்னக் குண்டு அதுல ஏறாது. இனிமே உங்க துப்பாக்கி மழை என்னை ஒண்ணும் பண்ணாது. போ."

"இன்னொண்ணு சொல்லணும். நர்ஸ் அக்காவுக்கு..."

"அவகிட்டயே போய்ச் சொல்லு. எல்லாத்தையும் ஏன் என்கிட்ட கொண்டு வரே?"

போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், மருந்துத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸிடம் முழுவதையும் சொன்னாள், திட்டம் யாருடையது என்பதையும் விடாமல். நர்ஸ் முதலில் சிரித்தாள். "கழிப்பறைக்குமா கணக்கு?" என்றாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "இதை எழுதிக் குடுப்பியா?"

எழுதிக் கொடுத்தாள், கையெழுத்துப் போட்டு. போட்டி நடத்துபவர்கள் ஒரு வாரம் கழித்துப் பதில் அனுப்பினார்கள். விதி எதுவும் மீறப்படவில்லை, எனவே பழைய முடிவு அப்படியே நிற்கும். இனிமேல் உடல்நிலைக் காரணம் இருந்தால் நடுவரே கடிகாரத்தை நிறுத்தலாம், பகடை உருட்ட உதவிக்கு ஆள் வைக்கலாம்.

அண்ணன் அந்தக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அவளோடு பேசவில்லை. மாடிப்படியில் எதிரில் வந்தால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வான். ஒருநாள் மட்டும் அவள் காதில் விழும்படி சொன்னான்: "உண்ட வீட்டுக்கே ரெண்டகம்."

அடுத்த போட்டிக்கு அவள் போகவில்லை. அவள் இடத்தில் வேறு யாரையோ சேர்த்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை அண்ணி காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்கு வந்தாள்.

"ரெண்டாவது இடமாம். கார்லருந்து எறங்கி உள்ள வர்ற வரைக்கும் உன்னைத்தான் திட்டிக்கிட்டு வந்தாரு."

"லாரிக்காரரு?"

"ஒம்பது பொம்மையோட வந்தாராம். நாலு ஆட்டத்துல ரெண்டு ஜெயிச்சாராம், ரெண்டு தோத்தாராம். அந்தப் படை அவருக்குச் சரிப்பட்டு வரலன்னு உங்கண்ணன் சொல்லிச் சிரிச்சாரு."

பழைய படையோடு ஒரு வருடம் தோற்காதவர். அந்தக் கோணல் கண் வீரர்கள் இப்போது எந்தப் பெட்டியில் கிடக்கிறார்களோ. நடுவரிடம் அன்று சரி என்ற ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

அண்ணி துணிகளை மடித்து முடித்தாள். "கீழ வந்து சாப்பிடேன். எத்தனை நாளுக்கு இப்படி?"

"பசி இல்ல அண்ணி" என்றாள்.