எதிர்ப்பக்கம் சுற்றிய விசிறி

காலையில் ஒழுங்காக ஓடுகிற மோட்டார் மத்தியானம் மட்டும் மக்கர் பண்ணினால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரவேண்டும் என்பது, மோட்டார் பழுது பார்த்தே 'மோட்டார் அக்கா' என்று பேர் வாங்கியவளின் கட்சி. காரணம் கிடைக்காதவரை அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த மரச்சாமான் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் அறை ஒன்று இருந்தது. பெயிண்ட் நெடியை இழுத்துக் கூரைக்கு மேல் தள்ளும் பெரிய விசிறிக்கு, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் டிரைவ் என்கிற மின்பெட்டி ஒன்றை மாட்டிக் கொடுத்திருந்தாள். அவள் வயரிங், புருஷன் கேபிள் இழுப்பு. இருவருமாகச் செய்த வேலை. மாட்டிய வாரமே முதலாளி போன் செய்துவிட்டார்.

"தினமும் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு போட்டா படுத்துடுதும்மா. பசங்க உள்ள போகவே மாட்டேங்கிறாங்க."

"மோட்டார் படுத்தா பசங்க ஏன் சார் போக மாட்டாங்க?"

"நீங்களே வந்து பாருங்க" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை புருஷனோடு போனாள். பாலிஷ் பிரிவுப் பெண் ஒருத்தி அறைக்கு வழிகாட்டினாள். விசிறி சமர்த்தாக ஓடியது. கேபிளின் மூன்று முனைகளையும் இறுக்கிப் பார்த்தாள், மோட்டாரில் மின்கசிவு இருக்கிறதா என்று சோதித்தாள், கரண்ட்டை அளந்தாள். எல்லாம் சரி. சாப்பாட்டு மணி அடித்ததும் விசிறியை நிறுத்தினார்கள். பெயிண்டர்கள் வாசலுக்கு வெளியே வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். தினமும் சாப்பிட்டதும் தலை வலிக்கிறது என்று அவர்களில் ஒருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

திரும்ப ஓட்டும் நேரம் வந்தது. பட்டனை அழுத்தினாள். டிரைவ் ஒரு முறை உறுமியது, பெட்டியின் திரையில் சிவப்பு எழுத்து மின்னியது, அடங்கிவிட்டது. கரண்ட் எகிறிவிட்டதாம். இன்னொரு தடவை அழுத்தினாலும் அதே கதை.

மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு விசிறிக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கரண்ட்டே இல்லாத விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் எதிர்ப்பக்கமாக. அவசரமில்லாமல், யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல.

டார்ச்சை இன்னும் கிட்டே நீட்டிப் பார்த்தாள். நிற்கிற வழியாக இல்லை.

"இதுக்குத்தான் நாங்க உள்ள போறதில்ல" என்றான் வாசலில் நின்ற பெயிண்டர். "அடுத்த ரூம்ல செத்தாரே, அவருதான் சுத்துறாரு."

"எந்த ரூம்ல?"

அவன் விவரம் சொன்னான். ஒட்டினாற்போல் இன்னொரு பெயிண்ட் அறை உண்டு. அங்கே வேலை செய்த ஆள், விசிறி நின்றுபோனதும் 'இன்னும் ரெண்டே கதவுதான்' என்று நிறுத்தாமல் அடித்திருக்கிறான். நெடி தாக்கி விழுந்தவனை வெகுநேரம் கழித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்குப் பூட்டிய கதவு. அதன் முன்னால் பலகைகளை அடுக்கி மறைத்திருந்தார்கள்.

புருஷன் அவள் காதோரம் வந்தான். "ஏம்மா, ரிவர்ஸ்ல சுத்துதுன்னா என்ன அர்த்தம்?"

"காத்துதாங்க."

"காத்துன்னா எந்தக் காத்து? அடிக்கிற காத்தா, பிடிக்கிற காத்தா?"

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள்.

காற்று எங்கிருந்தோ வந்துதானே ஆகவேண்டும். இரண்டு அறைக்கும் புகைக்குழாய் மேலே ஒன்றாகச் சேருகிறது. மூடிய அறைப் பக்கத்துக் குழாயில் கைவைத்தாள். தகரம் அதிர்ந்தது. உள்ளே ஏதோ ஓடுகிறது! மூடிய அறையின் விசிறி காற்றைத் தள்ளுகிறது. மேலே போகவேண்டியதில் பாதி இந்தப் பக்கம் திரும்பி, நின்ற விசிறியை எதிர்த்துச் சுற்றி, பெயிண்ட் அறையில் தங்கிய நெடியை வாசலில் சாப்பிடுகிறவர்கள் மேல் தள்ளுகிறது. டிரைவுக்கு முன்னால் இருந்த பழைய ஸ்டார்ட்டர் முரட்டு ஆள், எதிர்த்துச் சுற்றினாலும் இழுத்து ஓட்டிவிடும். அதனால் யாருக்கும் தெரியவில்லை. டிரைவ் நாசூக்கு, முரண்டு பிடிக்கிறது.

கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் மூடிய அறையின் விசிறியைப் போட்டது யார்?

கட்டடத்தின் பின்பக்கம் போனார்கள். புதருக்குள் ஒரு சின்னக் கதவு. பூட்டில்லை. புருஷன் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் தள்ளினாள்.

அறை துப்புரவாகப் பெருக்கியிருந்தது. சுவரில் ஆணியில் ஒரு முகமூடி, துவைத்துக் காயவைத்ததுபோல. விசிறி இரைந்துகொண்டிருந்தது. கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின்மேல் ஒரு பெண் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பாலிஷ் பிரிவில் வேலை செய்கிறவள். காலையில் வழிகாட்டியதே அவள்தான்.

"கொஞ்ச நேரம் இருங்க, நிறுத்திடறேன்" என்றாள் நிமிராமல். "அவருக்கு மூச்சு முட்டும்."

மோட்டார் அக்கா ஆணியில் தொங்கிய முகமூடியைப் பார்த்தாள். செத்தவரின் பெண்டாட்டி இவள்தான்.

"தினமும் வருவீங்களா?"

"சாப்பாட்டு நேரத்துலதான் ஆள் இருக்க மாட்டாங்க. அன்னைக்கு இது நின்னு போச்சு. நின்னது நின்னதாவே இருந்தா அவர் எப்படிங்க...?"

மோட்டார் அக்காவுக்கு மறைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. தலையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பையனின் முகம் வந்து நின்றது. "அக்கா, நீங்க இதை ஓட்டும்போது காத்து அந்தப் பக்கம் திரும்புது. வாசல்ல சாப்பிடற பசங்க மேல நெடி இறங்குது."

அந்தப் பெண் சடாரென்று எழுந்தாள். "நானா? நானா அவங்களுக்கு..." ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

விசிறி வேகம் குறைந்து, குறைந்து, கடைசிச் சுற்றுகளுக்கு வந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. நெஞ்சு நிறைய இழுத்து, பாதியில் விட்டுவிட்ட ஒரு மூச்சு.

"கேக்குதா?" என்றாள் அந்தப் பெண்.

தேய்ந்த பேரிங் நிற்கும்போது அப்படித்தான் இழுக்கும். மோட்டார் அக்காவுக்கு அது மனப்பாடம்.

"கேக்குது."

புருஷன் திரும்பி நின்றுகொண்டான்.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு குழாய்களிலும் காற்றைத் திரும்ப விடாத தகர மடல்களைப் பொருத்தினார்கள். சுற்றுகிற மோட்டாரை முதலில் பிடித்து நிறுத்தி, அப்புறம் ஓட்டும்படி டிரைவில் மாற்றிவைத்தாள். பிறகு முதலாளியின் அறைக்குப் போனாள். அந்தப் பெண்ணின் பேரை எடுக்கவில்லை.

"சார், மூடின ரூம்ல காத்து ஓடணும். பழைய நெடி தங்கக் கூடாது. எங்ககிட்ட சின்ன டிரைவ் ஒண்ணு சும்மா கெடக்குது. மெதுவா, எப்பவும் ஓடுற மாதிரி போட்டுடலாம்."

"யாரு ஓட்டுறாங்கன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். "பின்கதவுப் பூட்டை எடுத்தவனே நான்தான். போட்டுருங்க."

மறுநாள் பேரிங்கைப் புதிதாக மாற்றி, டிரைவை மாட்டினாள். தன் கையால் ஓட்டட்டும் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் முதலாளியும் வந்து வாசலுக்கு வெளியே நின்றார், உள்ளே கால்வைக்கவில்லை. அந்தப் பெண் பட்டனை அழுத்தினாள். விசிறி இரைச்சலில்லாமல், கண்ணால் எண்ணிவிடக்கூடிய வேகத்தில் சுற்றியது. அவள் விசிறிக்குக் கீழே போய் உள்ளங்கையை நீட்டிக் காற்றைப் பார்த்தாள்.

"பத்தாதுங்க" என்றாள். மோட்டார் அக்காவைப் பார்த்து அல்ல, வாசலைப் பார்த்து. "கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்க."

புருஷன் செத்தபின் முதலாளியிடம் அந்தப் பெண் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று பெயிண்டர்கள் பின்னால் சொன்னார்கள்.

"அவங்க சொல்றபடி வைங்க" என்றார் முதலாளி.

மோட்டார் அக்கா குமிழைத் திருப்பினாள். அந்தப் பெண் கையை எடுக்காமல் நின்றாள். மோட்டார் அக்கா திருப்பினாள், இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அந்தப் பெண் தலையசைக்கும்வரை.