பனி பெய்த செவ்வாய்ச் சந்தை

1

இது நான் உட்கார்ந்து யோசித்த கதையல்ல. ஆல்டர்ஸ்டோ சந்தையில் சீஸ் வாங்க வரிசையின் வாலில் நின்றபோது, சந்தை மணி அடிக்கும் நார்மன் வாய் தவறிச் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாதியை அவர் சொன்னார், மீதியைக் கட்ட நான் பார்க்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மாமன்னர் இவ்வூருக்குச் சந்தை உரிமை அருளியபோது—’

அடித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. மன்னர் கிடக்கட்டும், அவர் போட்ட நிபந்தனைதான் கதை. செவ்வாய்தோறும் உச்சி மணி அடிப்பதற்குள் சந்தை நடுவே நிற்கும் கற்சிலுவையின் அடியில் ஒரு பொருளாவது விலைபோக வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் உரிமை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மார்ஃபர்டு ஊருக்குப் போய்விடும். (இதெல்லாம் சட்டப்படி செல்லுமா என்று கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டுவிட்டு, மதுக்கடையில் வெகுநாள் தனியாக உட்கார்ந்து குடித்தேன்.)

2

ஒரு பிப்ரவரிச் செவ்வாய். முழங்காலளவு பனி. கடை போட்டவர் சீஸ் விற்கும் ம்யூரியல் ஒருவர்தான். பக்கத்தில் மணிக்கயிற்றைப் பிடித்தபடி நார்மன். விற்பனைக்கு அவர்தான் சாட்சி, அதனால் அவர் வாங்கக் கூடாது; ஏதாவது விலைபோனால்தான் மணியை அடிக்கவும் வேண்டும்.

“யாராவது வருவாங்களா நார்மன்?”

“இந்தப் பனியில நாய்கூட எட்டிப் பாக்காது.”

வந்தது எனிட். ம்யூரியலின் தங்கை. இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

[எனிட் ஏன் வந்தார்? மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன், ஒன்றையும் என்னாலேயே நம்ப முடியவில்லை. நார்மனைக் கேட்டேன். “கையில டீ ஃப்ளாஸ்க் வச்சிருந்தா” என்றார். அவ்வளவுதான்.]

3

சண்டை அம்மாவின் அடக்கத்தில் தொடங்கியது. அது ஒரு செவ்வாய்க்கிழமை. சந்தை அறுந்துபோகக் கூடாதென்று ம்யூரியல் கடை போடப் போய்விட்டார். தேவாலயத்தின் முன்வரிசையில் எனிட் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

இப்போது பனியில் நின்றபடி எனிட் சொன்னார்: “நான் வாங்க வரலக்கா. கடையை மூடு.”

“என்னது?”

“அன்னிக்கு மூடாததை இன்னிக்கு மூடு. அம்மாவுக்காக.”

“எண்ணூறு வருஷம்டி, எனிட்!”

“அம்மா ஒரு தடவைதான் செத்தா.”

இந்த இடத்தில் ம்யூரியலுக்குப் பாரம்பரியம் பற்றி ஒரு பக்கம் வசனம் எழுதி, கிழித்தேன். அவர் கல்லுளிமங்கி, அப்படியெல்லாம் பேசமாட்டார். சீஸ்மேல் போர்த்திய துணியை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் சொன்னது இதுதான்:

“அது அன்னிக்கே அறுந்துபோச்சு.”

“எது?”

“சந்தை. ஒரு துண்டுகூட விக்கல. வாங்க யாரு இருந்தா? ஊரே உன் பின்னாடி உக்காந்து அம்மாவுக்குப் பாடிக்கிட்டு இருந்துது. இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

எனிட் நார்மன்மீது பாய்ந்தார். “நீ மணி அடிச்சியே! கல்லறைகிட்ட நின்னு கேட்டேனே!”

“அடிக்காம? மார்ஃபர்டுக்காரன் காதுல விழணுமில்ல?”

எனிட் அக்காவைப் பார்த்தார். “ஏன் எங்கிட்ட சொல்லல?”

“என்னன்னு சொல்ல? ஒண்ணுமில்லாததுக்காக அம்மாவை விட்டுட்டேன்னா?”

மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

4

முடிவு ஒன்று: எனிட் சீஸ் வாங்கி அக்காவைக் கட்டிக்கொள்கிறார். எழுதினேன். தாளில் எறும்பு மொய்க்கும்போல இருந்தது.

முடிவு இரண்டு: ம்யூரியல் பலகையை மடக்கி, தங்கையோடு கல்லறைக்கு—

இல்லை. ஊரார் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

பனிக்குள்ளிருந்து வேறொரு ஆளை அனுப்பி வாங்க வைக்கலாம். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் அக்கா தங்கைக்கு நடுவே மூக்கை நுழைக்க எனக்கு மனசு வரவில்லை.

“அப்புறம் என்னாச்சு?” என்று அன்றைக்குச் சீஸ் வரிசையிலேயே நார்மனை உலுக்கினேன். அதற்குள் வரிசை நகர்ந்து நாங்கள் கடை முன்னால் நின்றோம்.

“கதை கேக்க வந்தியா, சீஸ் வாங்க வந்தியா?” என்றார் ம்யூரியல். நார்மன் வாய் பொத்திக்கொண்டார்.

அந்தப் பனிச் செவ்வாயன்று உச்சி மணி அடித்தது உண்மை. என் வீடுவரை கேட்டது. ஆனால் நார்மன் எப்படியும் அடிப்பார் என்று உங்களுக்கே தெரியும், அதனால் மணியை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். நான் சீஸ் வாங்கியபோது கடையில் தராசுக்குப் பின்னால் ஒரு பழைய ஃப்ளாஸ்க் இருந்தது. அது யாருடையது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தால் நீங்களே கேளுங்கள்.