கரிய முகம்

சீனாவின் ஹெனான் மாகாணத்துக் கிராமம் ஒன்றில், திருவிழா மேடைக்குப் பின்னால், தார்ப்பாய்க் கூடாரத்தில் உட்கார்ந்து கெங் ஷௌதியான் நெற்றியில் பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்று நாளாகப் பூசிய புதுச் சாயம் புருவத்துக்கு மேலே தோலை உரித்திருந்தது. இருபத்தாறு வருடமாக இசைநாடகத்தில் முகம் முழுக்கச் சாயம் பூசும் வண்ணமுக வேஷம் கட்டுகிறவர். இன்றைக்குக் கரிய முகத்து நீதிபதி.

சாய டப்பாவை மோந்து பார்த்தார். கதவுக்கு அடிக்கிற பெயிண்ட் வாடை.

"முதலாளி, இது முகத்துக்குப் பூசறதே இல்ல. அடுப்புக்கரிய எண்ணெயில குழைச்சுப் பூசிக்கிறேனே."

"கரியா?" குழு முதலாளி பாங் சிரித்தார். "முன்வரிசையில அதிகாரிங்க வந்து உக்காந்தாச்சு. முகம் பளபளன்னு இருக்க வேணாமா? முடியாதுன்னா சொல்லு, லுவான் பூசிப்பான். நீ மூட்டையக் கட்டிக்கோ."

பக்கத்தில் இடுப்புப்பட்டை கட்டிக்கொண்டிருந்த இளம் நடிகன் லுவான் நிமிரவில்லை. "அண்ணே, என்னைக் கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியாதுண்ணே. வீட்டுல கைக்குழந்தை" என்றான் மெதுவாக.

வெளியே முரசு முழங்கியது. கெங் தூரிகையை எடுத்தார்.

பாதி நாடகத்தில் வேர்வையோடு சாயம் கண்ணுக்குள் இறங்கியது. நீதிபதி கண் சிமிட்டக் கூடாது. துடைத்தால் முகம் கலைந்துவிடும். ஏழைப் பெண்ணின் நிலத்தைப் பிடுங்கிய பிரபு எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை. அவன் இருமிய திசையில் திரும்பி, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துத் தீர்ப்பைப் பாடினார். கூட்டம் "ஹாவ்! ஹாவ்!" என்று பாராட்டிக் கத்தியது. தாளச்சத்தத்தைப் பிடித்துக்கொண்டே பக்கத்திரைக்கு நடந்தவர் அங்கேயே சுருண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் எண்ணெயால் முகத்தைத் துடைத்து இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டார்கள்.

"என்ன சாயம் இது?" டாக்டரம்மா கேட்டார்.

"அவராவே எங்கேயோ வாங்கினதுங்க" என்றது பாங்கின் குரல். "வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

கெங் கட்டிலில் எழ முயன்றார். "பொய்! லுவான், நீ சொல்லுடா!"

லுவானின் செருப்புச் சத்தம் கதவுவரை போய் நின்றது.

டாக்டரம்மா வெளியே போனதும் ஒரு காகிதம் சரசரத்தது.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"செலவெல்லாம் குழு பாத்துக்கும்னுதான். விரல நீட்டு."

"லுவான் படிக்கட்டும்."

"லுவான் போயிட்டான். முகத்துக்குச் சாயம் பூசணுமில்ல, அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது."

கெங் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். பாங் அவசரப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, பெருவிரலை மட்டும் மெல்லப் பிரித்தெடுத்து, மைப்பெட்டியில் அழுத்தி, காகிதத்தின்மேல் வைத்தார்.