அப்பாவின் தோல்

மகளுக்காக இரண்டு தொடையிலிருந்தும் தோலைக் கொடுத்துவிட்டு, பெயிண்டர் நொண்டி நொண்டி எங்கள் தீக்காய வார்டுக்கு வந்தார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன மகள், அவர் பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பா தீப்பிடித்துத்தான் வெந்துபோனாள். வலிக்கிறதா என்று அவரிடம் கேட்கவே முடியாது.

"ஒட்டிக்கிச்சு சிஸ்டர்! ரெண்டாவது கோட்டு அடிச்ச சுவர் மாதிரி வழவழன்னு இருக்கு பாருங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் மனிதர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணே, இது கொஞ்ச நாள் மூடி வைக்கத்தான். அப்புறம் அவ உடம்பு தள்ளிடும்."

"பெத்த அப்பன் தோலையா?"

"யாரோடதா இருந்தாலும். அவளோட சொந்தத் தோல்தான் நிலைக்கும்."

அவளுக்குச் சொந்தத் தோல் எங்கே மிஞ்சியது? அக்குளில் வேகாமல் கிடந்த துளியை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அது தாளாக விரியும்வரை அப்பாவின் தோல் தாங்க வேண்டும்.

உறுப்புகளை மூடியிருக்கும் எபிதீலியத் திசுவை நாங்கள் நர்சிங் படிப்பில் வகைவகையாக மனப்பாடம் செய்தவர்கள். குடலில் ஒற்றை அடுக்காக நின்று சத்தை உறிஞ்சும். மூச்சுக்குழாயில் நுண்மயிர்களால் தூசியைத் தள்ளும். தோலில் அடுக்கடுக்காக இருக்கும். 'பணி: பாதுகாப்பு' என்று எழுதி மார்க் வாங்கினேன். அது போய்விட்டால் உடம்பின் நீர் கசிந்து, சூடு இறங்கி, கிருமிகள் கேட்பாரில்லாமல் உள்ளே நுழையும் என்பதை இந்த வார்டில்தான் கண்ணால் பார்த்தேன்.

ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. வளர்த்த தட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டதாம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்களாம். இங்கே அப்பாவின் தோல் ஓரங்களில் கறுக்கத் தொடங்கியிருந்தது. கை கழுவும் தொட்டியடியில் நின்று அழுதேன்.

"இன்னொரு வாட்டி எடுங்க டாக்டர். முதுகு முழுசா இருக்கே," என்றார் பெயிண்டர்.

"உங்க தோலை அவ உடம்பு இப்ப அடையாளம் கண்டுக்கிச்சு. அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா தள்ளிடும்."

அவர் நொண்டியபடி வெளியே போனார்.

கறுத்ததை அன்றே அகற்ற வேண்டியிருந்தது. நனைத்து நனைத்து உரித்தேன். காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா வெளியில இருக்காரா சிஸ்டர்?"

"இருக்காரும்மா."

"கதவைச் சாத்திடுங்க. நீங்க உரிக்கிறதைப் பாத்தா, நான்தான் அவரை வேணாம்னு சொல்லிட்டேன்னு நெனச்சுக்குவாரு."

சாத்தப் போனேன். பெயிண்டர் வாசலில் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார்.