பச்சை ஃபிரேமின் உள்பக்கம்

வெல்டரம்மா கட்டிய சைக்கிள் ஃபிரேமில் துரு ஏறாது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை, சந்தேகப்பட்டதும் இல்லை. சோதிப்பதெல்லாம் அவள் வேலை. மழைக்காலம் முடிந்த கையோடு தான் கட்டிய சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பட்டறைக்கு வரவழைப்பாள். சீட்டைக் கம்பியோடு உருவி எடுத்துவிட்டு, ஒயரில் கட்டிய சின்ன பல்பு ஒன்றைக் குழாய்க்குள் இறக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளே ஊற்றி, ஃபிரேமை இப்படியும் அப்படியும் புரட்டி, எல்லாக் குழாயிலும் எண்ணெய் படிந்த பிறகு ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுவாள். அவசரக்காரர்கள் கெஞ்சினாலும் ஒரு மணி நேரம்கூடக் குறைக்க மாட்டாள்.

இதோடு ஒரு உபதேசமும் உண்டு. பெடல் அச்சு சுழல்கிற கூட்டுக்கு அடியில் ஒவ்வொரு ஃபிரேமிலும் பருப்பு அளவுக்கு ஒரு ஓட்டை போட்டிருப்பாள். சீட்டுக் குழாய் வழியாக எப்படியோ இறங்கும் மழைத்தண்ணீர் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதை அடைத்துவிடாதீர்கள் என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வாள். பால்காரர் ஒரு முறை சேறு போகிறது என்று அதில் துணியைத் திணித்துக்கொண்டு வந்ததற்கு அவள் விட்ட டோஸில், பாவம், மனிதர் ஒரு வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

அப்பேர்ப்பட்டவள் பட்டறையில், அந்த வியாழக்கிழமை காலையில், தம்பியின் பச்சை ஃபிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது ஒரு கரண்டித் தண்ணீர் கொட்டியது. நல்ல தண்ணீராக இல்லை, காபி நிறத்தில் இருந்தது.

தம்பி அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பந்தயக்காரன். மூன்று வருடமாக இந்தப் பச்சை ஃபிரேமில்தான் ஓடுகிறான். போன வருடம் மலைப் பந்தயத்தில் நாலாவதாக வந்தான். நாற்பது கிலோமீட்டர் ஏற்றம், அதே நாற்பது இறக்கம். முன்னால் வந்த மூன்று பேரும் வெளியூர் கம்பெனி சைக்கிள்காரர்கள். நாலாவது மட்டும் ஒரு பொம்பளை தன் பட்டறையில் கட்டியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இவளுடைய குஞ்சு நிஜமாகவே பொன்தான் என்று ஊரே சொன்னது. இந்த வருடப் பந்தயத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

தண்ணீர் எப்படித் தங்கியது என்று அவள் அடியில் விரல் வைத்துத் தடவினாள். ஓட்டையைக் காணவில்லை. வழவழவென்று பச்சைப் பெயின்ட்தான் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன மழைக்கு முன்னால் ஒரு சைக்கிள் பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வருகிறார்கள் என்று புதுப் பெயின்ட் அடித்தாளே, அப்போது அடிப்பக்கம் அந்த ஓட்டை மச்சம் மாதிரித் தெரிகிறது என்று பட்டி வைத்து மூடி, தேய்த்து, மேலே பெயின்டும் அடித்தவள் சாட்சாத் இவளேதான். படம் எடுத்ததும் திறந்துவிடலாம் என்றிருந்தாள். மறந்துபோனாள் என்று சொன்னால் பொய். அது அவ்வளவு அழகாக இருந்தது, திறக்க மனசு வரவில்லை. மழைக்குப் பிறகு சோதனைக்கும் எடுக்கவில்லை. நம் வீட்டுச் சைக்கிள்தானே, எங்கே போய்விடப்போகிறது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று தன்னையே திட்டிக்கொண்டு பல்பை உள்ளே இறக்கினாள். சீட்டுக் குழாயின் மேல்பாதி சுத்தமாக இருந்தது. கீழே போகப் போகச் செம்மண் நிறம். ஒரு பழைய ஸ்போக் கம்பியின் நுனியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தாள். பஞ்சில் பொடி வந்தால் கவலையில்லை, அது மேல் துரு, தேய்த்து எண்ணெய் விட்டால் நின்றுவிடும். பொடிதான் வந்தது. மூன்றாம் முறை பொடியோடு இரண்டு செதிலும் வந்தன. செதில் வந்தால் இரும்பு கரைகிறது என்று பொருள். எந்த இடத்திலிருந்து வந்தது என்று மட்டும் பல்புக்குத் தெரியவில்லை. பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்கள் கூட்டோடு சேரும் மூலை வரைக்கும் வெளிச்சம் வளைந்து போகாது.

மத்தியானம் தம்பி சாப்பாட்டு நேரத்தில் வந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. செதிலை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, ஓட்டையை அடைத்தது நான்தான், அழகுக்காக அடைத்தேன் என்று சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரித்தான். படத்தில் நன்றாகத்தானே இருந்தது என்றான். இரண்டு செதிலுக்கா இவ்வளவு பயம், தேய்த்துவிட்டு எண்ணெய் விட்டால் தீர்ந்தது என்றான்.

"உன் ஃபிரேம் ஒடையாதுன்னு ஊருக்கே தெரியும்க்கா. எனக்குத் தெரியாதா?"

அந்தப் பேச்சுதான் அவளைப் பயமுறுத்தியது. அவள் வருடக்கணக்காக எல்லோரிடமும் அடித்துக்கொண்ட பெருமை அது. இப்போது அதை நம்பிக்கொண்டு ஒருத்தன் நாற்பது கிலோமீட்டர் இறக்கத்தில் இறங்கப் போகிறான், அதுவும் கூடப்பிறந்தவன். அதைவிட மோசம், அவளுக்கே உள்ளுக்குள் ஒரு குரல், ஒன்றும் ஆகாது, நீ கட்டினதாச்சே என்று சொல்லிக்கொண்டிருந்தது. இந்த ஃபிரேம் பந்தயத்தில் ஓட வேண்டும் என்று அவனைவிட அவளுக்குத்தான் ஆசை.

அவள் ஃபிரேமை எடுத்து வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினாள். சுவரிலிருந்து அறுப்பு ரம்பத்தை எடுத்தாள். தம்பி எழுந்தான்.

"அக்கா, என்ன பண்ற?"

"இது முழுசா இருக்கற வரைக்கும் நீயும் விடமாட்ட, நானும் விடமாட்டேன்."

கூட்டை ஒட்டிப் பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்கள் இரண்டையும் அறுத்தாள். பச்சைப் பெயின்ட் தூள் தூளாகக் கொட்டியது. மூன்று வாரம் ராவியும் இழைத்தும் கட்டிய இணைப்பு, ஐந்து நிமிடத்தில் கையோடு வந்துவிட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள். இடது குழாயில் குறை சொல்ல இடமில்லை. வலது குழாயின் அடியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இடம், முட்டை ஓடு கனம்கூட இல்லை. தம்பி அதை விரலால் அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது. அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடையடைத்து ஒப்பாரி வைக்க நேரமில்லை. தம்பி கொக்கு மாதிரி உயரம், கடைச் சைக்கிள் எதுவும் அவனுக்குச் சேராது. அவ்வளவு உயரத்துக்கு அவள் கட்டிய இன்னொரு ஃபிரேம் பால்காரருடையது. எட்டு வருடம் மழையிலும் வெயிலிலும் பால் சுமந்தது. அவள் போய்க் கேட்டபோது பால்காரர் மறுபேச்சில்லாமல் இறக்கிக் கொடுத்தார்.

"ரெண்டு நாள் பால் நடந்தே வரட்டும்மா. திட்டு வாங்கினதுக்குப் பலன் இருக்கான்னு பாத்துடலாம்."

பலன் இருந்தது. பல்பு வெளிச்சத்தில் உள்பக்கம் முழுக்க எண்ணெய் காய்ந்து தேன் நிறத்தில் மின்னியது. பஞ்சு போனபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. சந்தேகம் தீர அவள் ஒவ்வொரு மூலையையும் ஊசியால் குத்திப் பார்த்தாள், சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். எல்லா இடத்திலும் கணீரென்று ஒரே சத்தம். தம்பியின் சக்கரங்களையும் பிரேக்கையும் கழற்றி அதில் மாட்டினாள். கேன் தொங்கவிட்ட கொக்கிகளை மட்டும் எடுக்க நேரமில்லை.

பந்தயத்தன்று அந்தக் கொக்கிகளைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. பால் எத்தனை லிட்டர் என்று ஒருவன் கேட்டான். ஃபிரேம் அரைக் கிலோ கூடுதல், ஏற்றத்தில் அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் இறக்கத்தில் தம்பி பிரேக்கைத் தொடாமல் வந்தான் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஏழாவதாக முடித்தான். வெல்டரம்மா முடிவுக் கோட்டில் நின்று, அவன் முழுசாக வந்து இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம் படம் எடுத்த பத்திரிகைக்காரர் கூட்டத்துக்குள் நுழைந்து தம்பியிடம் வந்தார்.

"உங்க பச்சை ஃபிரேம் எங்க? அதுல வந்திருந்தா இன்னும் முன்னாடி வந்திருப்பீங்களே?"

"வந்திருக்கவே மாட்டேன் சார். அதை அறுத்தாச்சு."

"ஐயோ, யாரு அறுத்தது?"

"கட்டினவங்கதான். எங்கக்கா." ஏழாவதாக வந்தவன், கோப்பை வாங்கினவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதைச் சொன்னான்.

அவளுடைய இணைப்புகளை எத்தனையோ பேர் தடவிப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்கள். எதுவும் இந்த இரண்டு வார்த்தைக்கு உறை போடக் காணாது. கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு பேரை முழங்கையால் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"ஆமா சார், நான்தான் அறுத்தேன்," என்றாள். "எழுதிக்கோங்க."