பின்சீட்டில் ஆள் இருந்தால்

அப்பாவின் பழைய காருக்குச் சக்கரம் வாங்க அண்ணன் கிளம்பியபோதே எனக்கு நம்பிக்கையில்லை. அவன் கைவைத்த எதுவும் உருப்பட்டதில்லை.

பக்கவாதம் வந்தபின் அப்பாவுக்கு ஒரே ஆசை, தன் காரில் ஒருமுறை கடல் வரை போகவேண்டும். வலது கால் மடங்காது. பின்சீட்டில் நீட்டிப் படுத்தால்தான் உண்டு. "சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்ன விதத்திலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

டயர்கள் வெடிப்பு விட்டிருந்தன. அதே பதின்மூன்று இன்ச்சில் டயரை மட்டும் மாற்றியிருக்கலாம். அண்ணனுக்கோ பதினைந்து இன்ச் அகலச் சக்கரத்தின் மேல் கண்.

"பின்னாடி ஆள் உக்காருவாங்களா சார்? வண்டி அமுங்குச்சுன்னா மட்கார்டுல உரசும்" என்றார் கடைக்காரர்.

"போல்ட் துளை சரியா இருக்குல்ல? மாட்டுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

வீட்டு வாசலில் காலி வண்டியின் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுக் காட்டினான். "பாரு, எவ்ளோ இடம்!" பழைய சக்கரங்களை இரும்புக் கடையில் போட்டுவிட்டும் வந்திருந்தான், மகா புத்திசாலி.

மறுநாள் காலை அப்பாவைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினோம். தலை அம்மா மடியில், கால் என் மடியில். தெருமுனைப் பள்ளத்தில் வண்டி இறங்கியதும் பின்னாலிருந்து கறகறவென்று சத்தம். மெதுவாக ஓட்டியும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் உரசியது. ரப்பர் கருகும் நாற்றம் உள்ளே வந்தது.

"நிறுத்துடா" என்றார் அப்பா, கோணிய வாயால். "வண்டிக்கு வலிக்குது. வீட்டுக்குப் போ."

டாக்சியில் போகலாம் என்று கெஞ்சினோம். வேண்டாம் என்று தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அண்ணனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது.

பழைய அளவுச் சக்கரத்துக்கு அவன் நாயாய் அலைந்தான். கிடைப்பதற்குள் அப்பா போய்விட்டார்.

சாம்பலைக் கடலில் கரைக்க அதே காரில்தான் போனோம். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்சீட்டில் சின்னப் பெட்டி மட்டும். தெருமுனைப் பள்ளத்தில் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினான். ஒரு சத்தமும் இல்லை.

கடல் தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டினான். "வழியெல்லாம் எங்கயுமே உரசலடி" என்றான். ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"எப்படிடா உரசும்? அப்பாதான் இப்ப கனமே இல்லையே."