வேதமுத்து எக்ஸானரேட்டட்

எங்கள் சின்னக்கானல் எஸ்டேட்டில் நல்ல செய்தியைச் சூப்பர்வைசர் வாயாலேயே சொல்லிவிடுவார். டைப் அடித்து, சீல் வைத்து, இங்கிலீஷில் வந்தால் வேலை போகிறது என்று பொருள். அப்படி வந்த ஒரு கடிதத்தை வேதமுத்து சித்தப்பா இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினார்.

பேக்டரி டிரையரில் ஒரு லோடு தேயிலை கருகிப்போனதற்காக மூன்று வாரமாக அவர் சஸ்பென்ஷனில் இருந்தார். மெஷின் கோளாறு, அதைப் பழுதுபார்க்கும் பிட்டர் கவனிக்கவில்லை என்பது அவர் கட்சி.

"வினோ, நீ தடிதடியா பொஸ்தகம் படிக்கியே. என்ன போட்டிருக்கான், பாரு."

நான் படித்த ருஷ்ய நாவல்கள், பிரெஞ்சு நாவல்கள் எல்லாம் தமிழில்தான். கடிதத்தில் சித்தப்பாவின் பெயரும் 'எக்ஸானரேட்டட்' என்ற சொல்லும்தான் கண்ணில் பட்டன. போனில் அர்த்தம் தேடலாமென்றால் மழையில் டவர் செத்துக் கிடந்தது. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. என் நாவல்களில் சீல் வைத்த கடிதம் பெற்றவன் மறுநாளே பனிப்பாலைக்கு வண்டி ஏறுவான்.

"வெளியேத்துறாங்க சித்தப்பா," என்றேன்.

வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். அன்னாள் சித்தி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார், பின்னாலேயே நான்.

மலையாளி மேனேஜர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சித்தப்பா கைகூப்பிவிட்டார். "சார், மெஷின் மேல தப்பில்ல. டிரையர் சூட்டுக்கு நாந்தான் சொகமா உறங்கிட்டேன். வீட்ட மட்டும் பிடுங்காதீங்க."

மேனேஜர் பேனாவை மூடினார். "வேதமுத்து, லெட்டர் வாசிச்சோ?"

"வினோ வாசிச்சா சார்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "குற்றமில்லைன்னு விடுவிக்கறதுக்குத்தான் அந்த வார்த்தை. மெஷின் கேடுன்னு எழுதி, நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கு."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். நான் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தேன்.

"அப்ப… நான் இப்ப சொன்னது?"

"அதைக் கணக்கில எடுத்தா மறுபடி என்கொயரி. ஹெட் ஆபீசுக்கு மறுபடி பத்துப் பக்கம் இங்கிலீஷில நான் எழுதணும்." மேனேஜர் காதைக் குடைந்துகொண்டார். "மழைச் சத்தத்தில எனக்கு ஒண்ணும் கேட்டில்ல. போங்க. இனி உறங்கினா, வேற வார்த்தையும் எனக்குத் தெரியும்."

வீட்டில் சித்தி சாக்கை அவிழ்த்தபடியே முழுக் கதையையும் கேட்டாள்.

"அப்ப உறங்கினது நெசமா? மூணு வாரமா குழாயடியில பிட்டர் பொண்டாட்டிகிட்ட ஒமக்காகச் சண்டை போட்டேனே! மெஷினப் பாக்கத் தெரியாதவன்னு அவ புருஷனப் பேசாத பேச்செல்லாம் பேசினேனே!"

சித்தப்பா கடிதத்தை உயர்த்திப் பிடித்தார். "எக்ஸானரேட்டட்," என்றார் உறுதியாக.

"கீழ கையெழுத்துப் போட்டது மேனேஜரு. நான் போடல," என்று சொல்லிவிட்டு, அவருடைய பாயையும் தலையணையையும் வாசலுக்குத் தூக்கிப் போட்டாள்.